தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு பச்சை பட்டன்

தமிழ்ப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று மிஸ் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு போனைச் சுவரில் அடித்திருப்பேன். புதுப் போன் என்பதால் விட்டுவிட்டேன்.

மிஸ் என்று நாங்கள் கூப்பிடுவது மாத்தளை டவுனில் உள்ள ஒரு சின்னத் தனியார் மருத்துவ நிலையத்தின் மேனேஜரை. டாக்டரைப் பார்க்க வீட்டிலிருந்தே போனில் வரிசை நம்பர் போட்டுக்கொள்ளும் இணையதளம் ஒன்றை நானும் என் கணவரும் அவர்களுக்குச் செய்து கொடுத்திருந்தோம். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும். வில்கமுவவில் விடிய முன்னே பஸ்ஸைப் பிடித்து வருகிற ஆள், வாசலில் நின்று "இன்றைக்கு நம்பர் முடிந்தது" என்று கேட்டுத் திரும்பிப் போகக் கூடாது. அதற்காகத்தான் அந்தத் தளம்.

மிஸ் நல்ல மனுஷி. தங்கை என்ற பொருளில் என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தன்மையாகத்தான் சொன்னார். "நங்கி, திறந்த நாள்ல இருந்து தமிழ்ப் பக்கத்துல ஒரு நம்பர்கூட விழல்ல. உங்க ஆளுங்க சிங்களத்திலயே போட்டுக்கிறாங்க போல. ரெண்டு மொழி போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க."

பார்க்கிறேன் மிஸ் என்று போனை வைத்தேன். ஒரு நம்பர்கூட விழவில்லை என்றால் என்ன பேசுவது? அதிலும் என் யோக்கியதை எனக்குத் தெரியும். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற என் அம்மா, முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத்தான் போன் எடுப்பார். "நீயே ஒரு நம்பர் போட்டு வையேன்" என்பார். நானும் போட்டு வைப்பேன், சிங்களப் பக்கத்தில். தளத்தைத் திறந்ததும் முதலில் வருவது அதுதானே.

எனவே கோபமெல்லாம் நம் சனத்தின் மேல் திரும்பியது. கஷ்டப்பட்டு அழகாகத் தமிழில் செய்து கொடுத்தால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்களாம். வீடு முழுக்க நடந்து நடந்து புலம்பினேன். என் கணவர் பால்கனியில் காயப் போட்டிருந்த மிளகைக் கைகளால் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடுக்கச் சொன்னா எடுத்துட்டுப் போறோம். அதுக்கு ஏன் அடுப்பவிட சூடா நிக்கிற?"

அவரால் அப்படிச் சொல்ல முடியும். முன்பு பேனர் அடிக்கிற கடையில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்ப் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு முறை தெரியும்: மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே இங்கிலீஷ். முதலில் சிங்களத்தை வைத்து அளவெல்லாம் முடிவாகும். பிறகு மற்ற இரண்டும் மிஞ்சிய இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும். அதே பழக்கத்தோடுதான் நாங்கள் இணையதளமும் செய்தோம். மிஸ் பார்ப்பார் என்று சிங்களம் முதலில், டாக்டர் பார்ப்பார் என்று இங்கிலீஷ் அடுத்து. தமிழை யாருக்குக் காட்டுவது? நம் பாஷைதானே, அதற்கென்ன, தானாகச் சரியாக இருக்கும் என்று நினைக்காத தமிழ் வேலையாளை நான் இந்தப் பக்கம் கண்டதில்லை.

வேலையின் உள்விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, வரிகளுக்கிடையே விடுகிற இடம் இதையெல்லாம் சிஎஸ்எஸ் என்கிற மொழியில் எழுதுவோம். ஒரே பச்சையை ஐம்பது இடத்தில் எழுதாமல், அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு என்ன நிறம் என்று ஓரிடத்தில் மட்டும் சொல்லி வைக்கலாம். நாளைக்குப் பச்சை பிடிக்கவில்லையென்றால் அந்த ஓரிடத்தில் மாற்றினால் போதும். இப்படிப்பட்ட பெயர்களில் நாங்கள் மொழிக்கு ஒரு தொகுதி வைத்திருந்தோம். சிங்களப் பக்கத்துக்கு நீலம், தமிழுக்குப் பச்சை, இங்கிலீஷுக்கு மெரூன். பெயர்கள் மூன்றிலும் ஒன்று, நிறம் மட்டும் வேறு.

இதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காத ஒரு விஷயம் உண்டு. பெயரை மட்டும் எழுதி, அதற்கு நிறமே கொடுக்காமல் விட்டாலும் பிரவுசர் வாயைத் திறக்காது. நிறம் இருக்க வேண்டிய இடத்தில் இன்ச் கணக்கை எழுதினாலும் பேசாது. அந்த இடத்தைப் பூசாமல் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். சண்டை போடுகிறவரோடு குடும்பம் நடத்திவிடலாம், பேசாமல் இருக்கிறவரோடு முடியாது. இதை என் கணவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

தமிழை எடுப்பதென்று ஆன பிறகு, அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். எங்கெங்கே அந்தத் தொகுதி கோர்த்திருக்கிறது என்று தெரியாமல் பிடுங்கினால் மற்ற இரண்டும் சேர்ந்து வரும். எனவே மூன்று தொகுதியையும் டைப்ஸ்கிரிப்ட் என்கிற கண்டிப்பான இன்னொரு மொழிக்குள் கொண்டுவந்தேன். அங்கே கட்டளையாகவே எழுதலாம்: ஒவ்வொரு மொழியிலும் இந்த இந்தப் பெயர் எல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும். நிறம் என்றால் நிறம்தான், அளவு என்றால் எண்ணும் அலகும் சேர்ந்த அளவுதான். ஒன்று குறைந்தாலும் எழுதும்போதே சிவப்புக் கோடு விழும். பக்கத்தைத் திறந்து தேட வேண்டியதே இல்லை. பல நாளாகச் செய்ய ஆசைப்பட்ட வேலை. கோபத்தை மறந்து விசில் அடித்துக்கொண்டே செய்தேன்.

கடைசி வரியை எழுதினேன். சிவப்புக் கோடு விழுந்தது.

முதல் கோடு சிங்களத் தொகுதியில். இடைவெளிக்கு வெறும் எட்டு என்று எழுதி, அலகைப் போடாமல் விட்டிருந்தார் என் கணவர்.

"ஏங்க, எட்டுன்னா என்ன எட்டு? அடியா?"

"பேனர்னா அடிதான்" என்றார் அவர், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

சிரித்துக்கொண்டே அதைத் திருத்தினேன். அடுத்த கோடு தமிழ்த் தொகுதியின் அடியில் கிடந்தது. உறுதிசெய்யும் பட்டனின் நிறம் இங்கே இல்லை என்றது. நான்தான் கட்டளையைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்து இரண்டு தரம் படித்தேன். கட்டளை சரி. சிங்களத்தில் அந்த நிறம் இருந்தது, இங்கிலீஷில் இருந்தது, தமிழில் இல்லை.

போனை எடுத்து, எங்கள் தளத்தின் தமிழ்ப் பக்கத்தை முதல் தடவையாக ஒரு நோயாளி மாதிரித் திறந்தேன். பெயர் போட்டேன். வயது போட்டேன். டாக்டரைத் தெரிவு செய்தேன். கீழே போனேன். வெள்ளை. பட்டனுக்கு நிறமில்லாததால் பின்னால் இருந்த வெள்ளை அப்படியே தெரிந்தது, அதன் மேல் எழுத்தும் வெள்ளை. வெறும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். நம்பர் விழுந்தது!

"ஏங்க! இங்க வாங்க! ஓடி வாங்க!"

நான் கத்திய கத்தலில் கீழ் வீட்டு நாய் குரைத்தது. மிளகுக் கையோடு ஓடி வந்தார். போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"நம்பர் போடுங்க பாப்போம்."

போட்டார். கடைசிக்கு வந்து, மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "எங்க பட்டன்?"

"அதான்! அதேதான்! எங்க பட்டன்?"

அவருக்கு முகம் மாறியது. பிறகு நினைவு வந்தது. தளத்தைத் திறப்பதற்கு முதல் நாள் மிஸ் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி பட்டன் மட்டும் தனி நிறத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார். உடனே சிங்களத்தில் மாற்றிக் காட்டினோம், இங்கிலீஷில் மாற்றிக் காட்டினோம். மிஸ்ஸுக்குச் சந்தோஷம். தேநீர் வந்தது. தமிழைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தப்பு எங்களுடையது என்று தெரிந்த பிறகு இப்படிக் குதித்தவள் நானாகத்தான் இருப்பேன். நம் சனம் வராமல் இல்லை! வந்திருக்கலாம், வாசல்வரை வந்து கதவைக் காணாமல் திரும்பியிருக்கலாம். கடும் பச்சை ஒன்றைத் தெரிவு செய்து அந்தத் தொகுதியில் எழுதினேன். சிவப்புக் கோடு மறைந்தது. போனில் பட்டன் வந்து உட்கார்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சோதித்துப் போட்ட நம்பரை அழித்துவிட்டு, மிஸ்ஸுக்கு போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். அவர் உடனே இறங்கி வரவில்லை. "பட்டன் இருந்தாலும் யாரு நங்கி போடப் போறாங்க?" என்றார். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அதற்குள் ஒரு நம்பராவது வராவிட்டால் நானே என் கையால் எடுத்துவிடுகிறேன் என்றும் வீறாப்பாகச் சொல்லி வைத்தேன். அம்மாவைப் போடச் சொல்லலாமா என்று கணவர் கேட்டார். அது கள்ள வோட்டு மாதிரி என்று மறுத்துவிட்டேன். வியாழக்கிழமை முழுக்க போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மிஸ் போன் எடுத்தார்.

"நங்கி, தமிழ்ல ஒன்னு வந்திருக்கு. நோய் வருத்தம் என்னன்னு எழுதுற இடத்துல நீளமா ஏதோ எழுதியிருக்காங்க. இங்க கவுண்டர்ல இன்னைக்கு யாருக்கும் வாசிக்கத் தெரியல்ல. படம் அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க."

படத்தைத் திறந்தேன். சத்தமாகவே வாசித்தேன்.

"நெஞ்சு சளி. போன மாசத்துல இருந்து நம்பர் போடப் பாக்கிறேங்க. எல்லாம் எழுதின பொறகு எங்க அமத்துறதுன்னு தெரியல்ல. எனக்குத்தான் போன் பாவிக்கத் தெரியலன்னு நெனச்சேன். இன்னைக்கு பட்டன் தெரியுது. நன்றிங்க."

கடைசி வரியை இன்னொரு தரம் வாசித்தேன். பக்கத்தில் நின்ற என் கணவர் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். ஒரு மூச்சு இழுத்து, ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் கவுண்டரில் யாரோ நம்பர் கூப்பிடுவது கேட்டது.

"அவர இன்னைக்கே முதல் நம்பர்ல போட்டுர்றேன்" என்றார் மிஸ். "அந்தப் பக்கத்துல கைய வைக்காதீங்க நங்கி. அது இருக்கட்டும்."

"சரி மிஸ்."

"பொறுங்க, வச்சிடாதீங்க. இப்ப இன்னொன்னு வந்திச்சு. இதுவும் தமிழ்தான். இதுல என்ன எழுதியிருக்கு?"

"அனுப்புங்க மிஸ், அனுப்புங்க" என்றேன்.