வாடாமல்லி சாட்டின்

சாட்டின் துணியைக் கிழிக்கிற சத்தம் இருக்கிறதே, அது மற்றத் துணிகளின் சத்தம் மாதிரி இருக்காது. கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு வாய் வெட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாரென்றால் 'பர்ர்ர்' என்று ஒரே மூச்சில் போகும், நெத்திலிக் கூட்டம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளுகிற மாதிரி. அந்தச் சத்தத்தை நான் இரண்டு தரம் கேட்டேன். ஒன்று செங்கல்பட்டுக் கடையில், இன்னொன்று கடலில்.

எழுபதுகளில் மாபலிபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாசி மகத்தன்று சாமி கடலுக்கு இறங்கும்போது, கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரே துணியில் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பின்னால் நடந்து போக வேண்டும். அந்தத் துணியை ஒரே 'தானா'க, அதாவது ஒரே துணிக் கட்டாக எடுத்து, கடையிலேயே சமமாகக் கிழித்து வாங்குவார்கள். வலை இழுத்தவன் கிழவனானாலும் காளையானாலும், கரையில் மீனைக் கூறு போடும்போது ஆளுக்கு ஒரே பங்குதான் அல்லவா, துணியும் அப்படித்தான். ஒல்லிப் பிள்ளைகளுக்கு மிஞ்சினால் அதில் ரிப்பன் வெட்டி ஜடையில் கட்டிக்கொள்வார்கள். எனக்கு என்றைக்கும் ரிப்பன் கிடைத்ததில்லை.

நான் அந்த வயசிலேயே பெரிய உடம்புக்காரி. பன்னிரண்டு பதிமூன்று வயசில் அம்மாவின் ரவிக்கையே எனக்கு இறுக்கிப் பிடிக்கும். பிள்ளைகள் என்னை 'மோட்டா' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், அழமாட்டேன். அழுது காட்டுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

துணி எடுக்கிற வேலைக்கெல்லாம் தலைமை கன்னியம்மா அத்தைதான், என் அப்பாவின் அக்காள். அத்தையும் அம்மாவும் நாலைந்து பெண்பிள்ளைகளும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குவோம். அந்தப் பஜார் கடையில் வெள்ளை விரிப்பில் நாங்கள் போய் உட்கார்ந்ததும் கடைக்காரர் ஊதுபத்தி கொளுத்துவார். சாமிக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் மீன் வாசனைக்கு என்று பின்னால்தான் தெரிந்தது.

வருஷா வருஷம் என்னையும் கூட்டிப் போனதற்குக் காரணம் பிரியம் அல்ல. கடைக்காரர் தானைப் பிரித்ததும் அத்தை என்னை எழுப்பி நிறுத்தி, துணியை என் இடுப்பைச் சுற்றி வளைத்துப் பிடித்து, "இவுளுக்குப் பத்துச்சின்னா எல்லாத்துக்கும் பத்தும்" என்பார். என் உடம்புதான் குப்பத்துக்கே அளவுகோல். என் எதிரே ஓர் ஆள் உயரக் கண்ணாடி இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி, அதில் கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது. என்னை நான் முழுசாகப் பார்த்தது வருஷத்துக்கு ஒரு தரம், அந்தக் கடையில், அத்தனை பேருக்கு நடுவில்தான். டவுன் பெண்கள் புடவை பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

நான் சொல்ல வந்த வருஷம், கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு வாடாமல்லி கலர் சாட்டினை எடுத்துப் போட்டார். அது விரிப்பின்மேல் தண்ணீர் மாதிரி ஓடிற்று. பக்கத்து வீட்டு வள்ளி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எல்லார் மனசும் அதிலேயே போய் விழுந்துவிட்டது, என் மனசும்தான். அத்தை வழக்கம்போல என்னை நிறுத்தித் துணியைச் சுற்றினார்.

கடைக்காரர் கம்பியால் அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் கலர்ல இது ஒரு தானுதாம்மா. இந்தப் பாப்பா அளவுக்குக் கிழிச்சா மூணு பிள்ளைங்களுக்குத் துணி இல்லாமப் போயிடும்."

"பாப்பாவாம்!" என்று யாரோ சிரித்தார்கள்.

"அப்ப வேற எடு" என்றார் அத்தை. கடைக்காரர் எடுத்துப் போட்டது சேற்று நிறத்தில் ஒரு பருத்தித் துணி. பிள்ளைகளின் முகம் கூம்பிப் போயிற்று. வள்ளி என் காதோரம் வந்து, "எல்லாம் உன்னாலதான்டி மோட்டா" என்றாள்.

அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அண்ணி, இவுளுக்கு மட்டும் வேற துணி எடுத்துக்கலாமே."

"சாமி பின்னால போறப்ப ஒருத்தி மட்டும் வேறயா? இன்னா பேசற நீ? பங்குன்னா பங்குதான்."

நான் மூச்சை இழுத்து அடக்கினேன், அலைக்குள் முங்குவதற்கு முன்னால் அடக்குவோமே அப்படி. வயிறு உள்ளே போயிற்று. துணியைச் சுருக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ வாணாம் அத்த. இது பத்துது எனக்கு. இன்னும் மிச்சங்கூட கீது பாரு" என்றேன்.

"மெய்யாலுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன், வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும். கண்ணாடியில் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கத்தரியை எடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாரும் துணி மூட்டையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். என் மடிக்கு அது வரவில்லை.

தையல்காரர் என் பங்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கக்கத்தாண்ட ஒட்டுப் போட்டாத்தான் சட்டை நிக்கும், ஒட்டுக்குத் துணி இல்லியே" என்றார். வள்ளிக்கு ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. "அவுங்கம்மாவக் கேட்டு வாங்கியாறேன்" என்று அம்மா கிளம்பினாள்.

"கேக்காத" என்றேன் நான். "மிச்சம் கீதுன்னு நானே சொல்லிக்கினு, இப்போ போய்க் கை நீட்டறதா?"

அம்மா வாசலிலிருந்து திரும்பி வந்தாள். வள்ளியின் மிச்சம் இரண்டு ரிப்பனாயிற்று.

மகத்தன்று விடியலில் நானும் வாடாமல்லி சாட்டினில் நடந்தேன். கைகளை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, பாதி மூச்சில் நடந்தேன். வெயில் ஏறினதும் வரிசை முழுவதும் மினுங்கிற்று. அதை இன்றைக்கும் குறையாகச் சொல்லமாட்டேன், அவ்வளவு அழகு. சாமி அலையைத் தொட்டதும் எல்லாரும் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்கள். நான் மட்டும் மார்போடு கை கூப்பி நின்றேன். அத்தை பார்த்துவிட்டார். "சாமிக்கு முன்னால இன்னாடி மொறப்பு? கையத் தூக்குடி!"

தூக்கினேன். 'பர்ர்ர்.'

அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் கையை இறக்காமல் நேராகத் தண்ணீருக்குள் நடந்து, தண்ணீர் கழுத்தளவு வந்ததும் நின்றுகொண்டேன். எல்லாரும் முங்கினார்கள், சிரித்தார்கள், கரையேறினார்கள். ஈரச் சாட்டின் காலில் ஒட்ட ஒட்ட, திருவிழாக் கடைகளைப் பார்க்க வரிசையாகப் போனார்கள். வள்ளியின் ரிப்பன்கள்கூடத் தெரிந்தன. மோட்டா எங்கே என்று ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிடுவதற்கு அந்தப் பேரையாவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது எனக்கு.

கடைசியில் கரையில் அம்மா ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். மீன் கூடைக்குத் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை இடுப்பிலிருந்து எடுத்து உதறிப் பிரித்துக்கொண்டு, புடவையோடு தண்ணீருக்குள் வந்து என் தோளில் போர்த்தினாள்.

"பத்தலன்னு சொல்ல வாய் இல்லியா ஒனக்கு?"

"அவுங்களுக்குப் பத்துச்சே" என்றேன்.

அம்மா என் முகத்து உப்பைத் துடைத்துவிட்டு, "இந்தப் பெருமைய வெச்சுக்கினு நீ இன்னா பண்ணப் போறியோ" என்றாள். அந்த மாசமே தன் பழைய புடவை ஒன்றை எனக்குக் கட்டிவிட்டாள். புடவை யாரையும் அளவு கேட்காது. அதன்பிறகு அளவெடுத்துத் தைத்த பாவாடை சட்டையை நான் போடவே இல்லை.

இப்போது எங்கள் குப்பத்தில் ஒரே தானில் யாரும் துணி எடுப்பதில்லை. அவளவளுக்குப் பிடித்ததை அவளவள் போட்டுக்கொண்டு சாமி பின்னால் போகிறாள். அத்தை இல்லை, அம்மா இல்லை. வள்ளி கோவளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள், அந்தத் துணி எப்படிப் பத்திற்று என்று தெரியாமலே.

போன மாசம் முட்டி வலிக்குப் புடவை கட்ட முடியவில்லை என்று, மருமகள் என்னைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு நைட்டியைக் கையில் கொடுத்து, கதவு போட்ட சின்ன அறைக்குள் அனுப்பினாள். உள்ளே நானும் ஓர் ஆள் உயரக் கண்ணாடியும்தான். அளவு பார்க்க அத்தை இல்லை, திரும்பிப் பார்க்க டவுன் பெண்கள் இல்லை. நைட்டி தொளதொளவென்று தாராளமாகவே இருந்தது. "பத்துதா அத்த?" என்று மருமகள் வெளியே இருந்து கேட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். யாருக்குத் துணி மிச்சம் பிடிக்க?