மருந்துத் தட்டில் மிதந்த செவ்வந்தி

சீமைக் கோழி இறக்குமதி செய்து வளர்க்கும் தொழிலில் கோழியால் ஒரு தொந்தரவும் கிடையாது. அதைப் பார்க்க வருகிற மனுசங்களால்தான் உயிர் போகும். கோழி வளர்த்துச் சீரழியும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

திருவாதவூர்ப் பக்கம் என் பண்ணை. தலையில் பூப்பந்து வைத்தது மாதிரி இறகு மண்டிய கொண்டைக் கோழிக் குஞ்சுகளை ஹாலந்திலிருந்து இறக்கினேன். அந்த ஊரிலேயே வளர்க்க ஆளில்லாமல் அருகிப்போன பழைய ரகம். அனுமதி வாங்கவே செருப்புத் தேய்ந்துவிட்டது. சென்னையில் அரசாங்கக் கொட்டகையில் தனியாக வைத்துப் பார்த்து, "இன்னும் ஒரு மாசம் உன் பண்ணையிலும் தனியா வை, அப்புறம் ரத்தம் எடுத்துச் சோதிப்போம்" என்று அனுப்பினார்கள். சோதனையில் கோளாறு வந்தால் ஒன்று விடாமல் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுவார்கள். அந்த ஒரு மாசம் நான் பட்ட பாடுதான் இது.

செருப்பு மரியாதை

கொட்டகை வாசலில் பலகை வைத்திருந்தேன்: "உங்கள் செருப்புடன் வராதீர்கள். இங்குள்ள பூட்ஸ் அணிந்து, கிருமி கொல்லும் மருந்துத் தட்டில் மிதித்து நில்லுங்கள்." அலங்காநல்லூரிலிருந்து மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் முதல் வரியோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். செருப்பைப் பவ்யமாகக் கழற்றி ஓரமாக வைத்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்து, நனைந்துவிடாமல் மருந்துத் தட்டைத் தாண்டிக் குதித்தார். உள்ளங்கால் நிறைய அவர் வீட்டுக் கோழி எச்சம். கக்கத்தில் ஒரு சேவல் வேறு.

குறுக்கே விழுந்து தடுத்தேன். மனுசன் முகம் வாடிப் போயிற்று.

"கோயில் கணக்கா சுத்தமா வச்சிருக்கியேன்னுதான் தாயி செருப்பைக் கழட்டிட்டு வந்தேன். சேவல் சும்மா வேடிக்கை பாக்கத்தான் வந்திருக்கு."

அலங்காரம்

பாண்டியம்மா என் பண்ணையில் தீவனம் வைப்பவள். தங்கமான பெண். அவளுக்கு அழுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது, அது ஒன்றுதான் குறை. ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், மருந்துத் தட்டு பளபளவென்று தேய்த்துக் கழுவியிருக்கிறது. உள்ளே தெளிந்த தண்ணீர். அதில் மஞ்சள் செவ்வந்தி மிதக்கிறது. கல்யாண மண்டப வாசல் தோற்றது போங்கள்! கிருமிகளை வரவேற்கப் பன்னீர் தெளிக்காததுதான் பாக்கி.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் அசரவில்லை.

"பினாயில் வாடை குடலைப் பெரட்டுதுக்கா, பெரிய மனுசங்க வந்து போற இடமாச்சேன்னு மாத்தி வச்சேன்."

ஆரப்பாளையத்திலிருந்து ஒரு ஆர்வலர்

ஆரப்பாளையம் லாட்ஜில் தங்கியிருப்பதாக ஒருவர் போன் செய்தார். கோழி என்றால் உயிராம். விடிந்ததிலிருந்து சுத்துப்பட்டுப் பண்ணையெல்லாம் பார்த்துவிட்டாராம், கடைசியாக என் பண்ணைக்கு வந்துகொண்டிருக்கிறாராம். அதே சட்டை, அதே ஷூவோடு! ஊரிலுள்ள கோழிக் கழிச்சல் நோயையெல்லாம் வீடு வீடாக விநியோகம் பண்ணும் புண்ணியவான். கேட்டைப் பூட்டிவிட்டு, கம்பி வழியாகவே பேசி அனுப்பினேன்.

"மத்த பண்ணையில எல்லாம் காபி குடுத்து உள்ள கூட்டிட்டுப் போனாங்க, நீங்க என்னமோ ஜெயிலுக்கு மனு போட்டு வந்தவன் மாதிரி நிக்க வச்சுப் பேசுறீங்க."

திருஷ்டி

ஊரானைக்கூடத் தடுத்துவிடலாம். ரத்தம் எடுக்க டாக்டர் வருவதற்கு நாலைந்து நாள் இருக்கும்போது, தீவனம் வாங்க மதுரைக்குப் போய்த் திரும்பினேன். என் கொழுந்தன் முத்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கையில் ஒரு கருங்கோழி, தலைகீழாகத் தொங்குகிறது. என் குஞ்சுகளுக்குத் திருஷ்டி கழிக்கிறானாம். சுற்றி வந்த வழியெல்லாம் அந்தக் கோழி வெள்ளை வெள்ளையாகக் கழிந்து வைத்திருக்கிறது.

"தம்பி, அந்தக் கோழி ஏன் கண்ணைச் சொருகுது?" என்றேன். என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"நல்ல கோழியை யாராவது திருஷ்டிக்கு விடுவாங்களா மதினி? அதான் சீக்கு வந்து சாகக் கெடந்ததாப் பாத்துத் தூக்கிட்டு வந்தேன்."

முடிவு

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாண்டியம்மாதான் ஓடினாள். குடலைப் புரட்டும் அதே மருந்தை வாளி வாளியாகக் கரைத்து, அவன் நடந்த தடமெல்லாம் ஊற்றினாள். கடைசி வாளியை முத்துவின் தலையிலேயே கவிழ்த்தாள். நானே சொல்லியிருந்தாலும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்க மாட்டாள். கருங்கோழி அன்றைக்கே செத்தது. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குஞ்சு தவிட்டுத் தூசியில் தும்மினால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எந்த நாட்டிலோ பொரிந்து, கடல் தாண்டிப் பிழைத்து வந்த ஜீவன்கள், சொந்தக்காரன் பாசத்தால் குழிக்குப் போக வேண்டுமா?

டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். ஒரு வாரம் கழித்துப் போனில் சொன்னார்: எல்லாம் சுத்தம், ஒன்றுக்கும் நோயில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதேன். பாண்டியம்மாவும் கூட உட்கார்ந்து அழுதாள். மருந்து வாடை இன்னும் போகாத முத்து, அதற்குள் சொந்தபந்தம் அம்புட்டுப் பேருக்கும் போன் போட்டு முடித்திருந்தான்.

"பாத்தீங்களா மதினி, ஒரு சீக்குக் கோழி எம்புட்டுக் கண்ணை வாங்கிட்டுப் போயிருக்கு! அடுத்த லோடு எறங்கட்டும், ரெண்டாக் கொண்டாரேன்."

ஆக, வெளிநாட்டுக் கோழியை இறக்குமதி பண்ண இத்தனை அனுமதி கொடுக்கிற அரசாங்கம், உள்ளூர்க் கொழுந்தனை ஒரு மாசத்துக்கு ஏற்றுமதி பண்ணவும் ஒரு அனுமதி கொடுத்தால் கோடிப் புண்ணியம்.