நெல்சன் ஏழு தடவை வாங்கிய ரூபாய்

காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் ஏலம் விட்ட நெல்சனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. படகுக்காரர் இறக்கிய மீனுக்கு நியாயமான விலை வரவில்லை என்றால் அந்தக் குவியலைத் தன் பேரிலேயே முடித்துக்கொள்வார். "ராவெல்லாம் கடல்ல கெடந்துட்டு வந்து கீறான். அவன் மூஞ்சிக்கு நேராவே மட்டமா வுட சொல்றியா?" என்பார். இதனால் ராயபுரம் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் தேவைக்கு மேல் சங்கரா மீன் இருக்கும். அக்கம்பக்கம் எல்லோருக்கும் குழம்பு போகும். கூடையைப் பார்த்ததும் மனைவி ஃப்ளோரா கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"இன்னிக்கி யாரு மூஞ்சி?"

அறுபதாவது வயதில் தொண்டை போயிற்று. இனிமேல் கத்தினால் குரலே இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெல்சன் வேலையை விட்டார். அந்த மாதமே அவருக்கு அந்த ரூபாய் கிடைத்தது.

அது ராமசெல்வி என்ற மீன்காரம்மாவின் தராசில் இருந்தது. படிக்கல் வைக்கும் தட்டின் அடியில் தார் வைத்து ஒட்டியிருந்தது. தராசு நேராக நிற்கத்தான் அது என்று அவருடைய மாமியார் சொல்லிக் கொடுத்திருந்தார். நெல்சன் காசைப் பெயர்த்துவிட்டுத் தராசைத் தூக்கிப் பார்த்தார். காசு இல்லாமல்தான் அது நேராக நின்றது. அதாவது முப்பது வருஷமாக ராமசெல்வி ஒவ்வொருவருக்கும் பதினொரு கிராம் மீனைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். செத்துப்போன மாமியாரை அரை மணி நேரம் திட்டினார். நெல்சன் அவருக்குப் புது எலக்ட்ரானிக் தராசு வாங்கிக் கொடுத்துவிட்டு ரூபாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மகள் ரூத் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் இன்ஜினீயர். இரும்புத் தகடுகளைப் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. ரூபாயை அவளிடம் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி, 1835. ஒரு பக்கம் நான்காம் வில்லியம் அரசரின் தலை. மறுபக்கம் பிறை வடிவத்தில் தார்க்கறை. ரூத் காலிபரை வைத்து அளந்தாள். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டாள்.

"முப்பதரை மில்லிமீட்டர். 11.52 கிராம். கொஞ்சம் தேஞ்சிருக்கு. வெள்ளிதான் நைனா."

"அது எனக்கே தெரியும். இன்னா வெல போவும்?"

"அதுக்கு மெஷின் கிடையாது."

"ஏன் இல்ல? ஏலம் கீதே."

வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நாணய ஏலம் நடக்கும். நடத்துபவர் பீம்ராவ், ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். நெல்சன் ரூபாயை அங்கே கொடுத்தார். விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. விலை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எட்டாயிரத்தில் ஏலம் நின்றது. கேட்டவர் சௌக்கத் அலி, மண்ணடியில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். நெல்சனுக்குக் காது சூடாயிற்று. கத்த முடியாது. தோளில் கிடந்த நீலக் கட்டம் போட்ட துண்டை எடுத்து முகத்துக்கு நேராக ஆட்டினார். ஒன்பதாயிரம். தன் ரூபாயைத் தானே வாங்கிக்கொண்டு, விற்றதற்கு ஒரு கமிஷன், வாங்கியதற்கு ஒரு கமிஷன் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வருஷம் விதிமுறைகளில் ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது: பொருளைக் கொடுத்தவர் அதே பொருளை ஏலம் கேட்கக் கூடாது. நெல்சன் ஃப்ளோராவின் பேரில் கொடுத்துவிட்டுத் தன் பேரில் கேட்டார். பீம்ராவ் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் துண்டு ஆடினால் எண்ணிக்கொள்வார். மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலி, முப்பத்தொன்றாம் எண் அட்டை, நீலத் துண்டு. எத்தனை வருஷம் போனாலும் அதில் மாற்றம் கிடையாது.

ஏழு ஏலத்தில் விலை இருபத்தெட்டாயிரத்துக்குப் போயிற்று. நாணயக்காரர்கள் அந்த விலையை நம்பித் தங்கள் ரூபாய்களுக்கும் விலை ஏற்றினார்கள்.

"அளக்கிற ஆளே தராசுல ஏறி நின்னா எப்படி நைனா எடை தெரியும்?" என்று ரூத் ஒருமுறை கேட்டாள்.

"நான் ஏறாங்காட்டி வேற எந்த நாயி ஏறுது?"

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் நெஞ்சு வலி வந்தது. ஆட்டோவில் ரூத்தின் மடியில் தலை வைத்திருந்தார். அவள் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது ஏலத்தைப் பற்றித்தான்.

"இந்த தபாவும் ஏலத்துக்கு ஃபாரம் குட்த்துட்டேன். ஒரு தபாவாவது வேற ஒர்த்தன் வாங்கணும், ரூத்து. ஏழு வருசமா நானே வாங்கிகினு கீறேன். அசிங்கமா கீது. நீ குறுக்க பூராத."

"பூர மாட்டேன். பேசாத நைனா."

பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நாடி இல்லை.

அடக்கத்தன்று ரூத் அழவில்லை. சவப்பெட்டி மூடியின் ஆறு திருகாணிகளில் ஒன்று கோணலாக இறங்கியிருந்தது. கழற்றி மறுபடி போடச் சொன்னாள். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அதன்பின் மூன்று மாதம் வேலைக்குப் போனாள், விரிசல் தேடினாள், வந்தாள்.

மே மாதம் ஏல நாள். ஃப்ளோரா அந்தத் துண்டை அவள் பைக்குள் திணித்தார். "அங்க ஏசி போட்டுகினு வெறைக்க வைப்பான். எட்துகினு போ." மண்டபத்தில் நெல்சன் பேருக்கு எடுத்து வைத்திருந்த அட்டையையே அவளிடம் கொடுத்தார்கள். மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதே ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குளிரவில்லை. ஏசி ஓடவில்லை. துண்டு கையில் இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் பொருள் வந்தது. பீம்ராவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விவரத்தைப் படித்தார். அதை நெல்சன்தான் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய உரிமையாளர்களின் பட்டியல் இருந்தால் நாணயத்துக்கு மதிப்பு கூடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ராமசெல்வியிடமிருந்து நெல்சன். நெல்சனிடமிருந்து நெல்சன். நெல்சனிடமிருந்து ஃப்ளோரா. ஃப்ளோராவிடமிருந்து நெல்சன். நெல்சனிடமிருந்து ஃப்ளோரா. ஃப்ளோராவிடமிருந்து நெல்சன்..."

பைபிளில் வம்ச வரலாறு வாசிப்பது போல் அது போய்க்கொண்டே இருந்தது. பின்வரிசையில் ஒருவர் "ஆமென்" என்றார். மண்டபம் சிரித்தது. ரூத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"...நெல்சனிடமிருந்து, வாரிசு முறையில், ஃப்ளோரா" என்று முடித்தார் பீம்ராவ். 'வாரிசு முறையில்' என்பதை மட்டும் அவர் பின்னால் சேர்த்திருந்தார்.

சிரித்துக்கொண்டிருந்த ரூத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்தாள். மறுபடி வந்தது.

"பதினஞ்சாயிரம், சௌக்கத் பாய்" என்றார் பீம்ராவ். "பதினாறு, முப்பத்தொண்ணு. பதினேழு, பாய். பதினெட்டு, முப்பத்தொண்ணு."

யாரோ கேட்கிறார்கள் என்று ரூத்துக்குப் புரிந்தது. சௌக்கத் அலியைத் தவிர இன்னொருவர். கேட்குது நைனா, வேற ஆளு கேட்குது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அழுகை இன்னும் பெருகியது. துண்டை முகத்தில் வைத்து அழுத்தித் துடைத்தாள்.

"இருபது, முப்பத்தொண்ணு. இருபத்தொண்ணு, பாய். இருபத்திரண்டு, முப்பத்தொண்ணு."

சௌக்கத் அலி திரும்பி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "உங்கப்பன் மாதிரியே கீறியேம்மா!"

இருபத்து நாலில்தான் அவளுக்கு உறைத்தது. மடியில் இருந்த அட்டையைத் திருப்பினாள். முப்பத்தொன்று.

"இருபத்தஞ்சு" என்றார் சௌக்கத் அலி, உற்சாகமாக.

ரூத் துண்டைத் தொடைக்கு அடியில் திணித்தாள். இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்து உட்கார்ந்தாள். அழுகை நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு உரியது முழுவதும் வந்துகொண்டிருந்தது. கன்னத்தில் ஓடியது, மூக்கில் ஒழுகியது. தலையை அசைக்கவும் பயம். தலையாட்டினாலும் இந்த ஆள் எண்ணிக்கொள்வார்.

பீம்ராவ் அவளையே பார்த்தார். நெல்சனுக்கு அவர் எப்போதுமே கொஞ்சம் அதிக நேரம் கொடுப்பார்.

"முப்பத்தொண்ணு? இருபத்தாறு?"

ரூத் அசையவில்லை. முகவாயிலிருந்து ஒரு சொட்டு அட்டை மேல் விழுந்தது.

"ஒரு தரம்."

பக்கத்தில் இருந்த பெண் இரக்கப்பட்டுத் தன் கைக்குட்டையை நீட்டினார். "வேணாம்!" என்று ரூத் கத்திய வேகத்தில் அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

"ரெண்டு தரம்."

சௌக்கத் அலியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"மூணு தரம். சௌக்கத் அலி, இருபத்தஞ்சாயிரம்."

"யோவ் பீம்ராவு, இன்னாய்யா இது!" சௌக்கத் அலி எழுந்துவிட்டார். "எனுக்கு இன்னாத்துக்குய்யா இது? அந்தாள பேஜாரு பண்ணத்தான் வருசா வருசம் கேட்டுகினு இருந்தேன். எப்பிடியும் மேல போவாருன்னு தெரிஞ்சுதான்யா கேட்டேன்!"

"உங்க பேர்ல முடிஞ்சிருச்சு பாய். உக்காருங்க. அடுத்தது நூத்திப் பதிமூணு."

சௌக்கத் அலி உட்காரவில்லை. மேசைக்குப் போய் ரூபாயைக் கையில் வாங்கினார். ஏழு வருஷம் கேட்டவர் அதை அன்றுதான் தொட்டுப் பார்த்தார். அப்படியும் இப்படியும் திருப்பினார். ரூத்திடம் வந்தார்.

"இந்தத் தார கழுவிடலாமா?"

"கழுவாதீங்க பாய். அது தராசுல இருந்த காசு." மூக்கு அடைத்திருந்தது. "நைனா கழுவ விட மாட்டாரு."

"வுட மாட்டாருதான்." ரூபாயைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே தட்டிக்கொண்டார். "இருந்திருந்தா என்னிய வாங்கவே வுட்டிருக்க மாட்டாரு."

போய் உட்கார்ந்தார். முடிந்தது. வேறு ஆள் வாங்கிவிட்டார். ரூத் தொடைக்கு அடியிலிருந்து துண்டை இழுத்து, கண், மூக்கு, கழுத்து எல்லாவற்றையும் நிம்மதியாக, நன்றாக, மூன்று தடவை துடைத்தாள்.

"மூணு தரம்" என்றார் பீம்ராவ். "நூத்திப் பதிமூணு, தேஞ்ச காலணா ரெண்டு கிலோ. முப்பத்தொண்ணு."

வீட்டுக் கதவைத் திறந்த ஃப்ளோரா பையைப் பார்த்தார். கையில் வாங்கிக் கனம் பார்த்தார்.

"இன்னிக்கி யாரு மூஞ்சி?"

"ரூபா போயிடுச்சும்மா. வேற ஆளு வாங்கிட்டாரு."

ஃப்ளோரா பையைக் கீழே வைத்தார். அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஈரமாக இருந்தது. துவைக்கப் போடாமல் அப்படியே கொடியில் உலர்த்தினார்.