முதல் அழைப்பு

தேனாம்பேட்டையில் என் காருக்குத் தொடுதிரை மாட்டியவர் நரைத்த தாடிக்காரர். ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். மாட்டி முடித்ததும் முதல் அழைப்பு வாடிக்கையாளர் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் வழக்கம்.

"வூட்டுக்கு ஒரு போன் போடு சார். மைக்கு நல்லா கீதானு பாக்கலாம்."

"வீட்ல யாரும் இல்லீங்க. மனைவி தவறி எட்டு மாசமாச்சு."

அவர் திரையில் தன் வீட்டு எண்ணைத் தட்டினார். கார் முழுக்க ஒரு பெண்குரல் கேட்டது: "யாரு?"

"நான்தாம்மே. கஸ்டமர் வண்டிலேர்ந்து பேசிக்கினு கீறேன்."

"மணி மூணாவுது, துன்னியா? அந்த சாரு சாப்ட்டாரா?"

அவர் என்னைப் பார்த்தார். "சாப்ட்டேம்மா" என்றேன்.

அடையாறு வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தப் பொய் உறுத்தியது. முதலில் கண்ட ஓட்டலில் வண்டியை நிறுத்தினேன்.