இரும்புச் சாவி வேண்டாம்

எழுபத்திரண்டாம் வருடம், ஐப்பசி மழைக்காலம். மாலை ஐந்து ஐம்பதுக்குத் தாம்பரம் வந்து நின்ற மின்சார ரயிலிலிருந்து என் மகள் இறங்கவில்லை.

பெண்கள் பெட்டி காலியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வண்டியிலும் அவள் இல்லை. இரும்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடி, அவள் அப்பாவை அழைத்து வந்தேன். அவர் அவளுடைய வகுப்பு இருக்கும் மாம்பலத்துக்கு வண்டி ஏறினார்.

அவளுக்கு அப்போது பதினேழு வயது. மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும்போது முதன்முதலாக வலிப்பு வந்தது. பிறகும் சில முறை வந்ததும், மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பகலிலும் ஜன்னலைச் சாத்திவைப்பாள். தலை வாரச் சொன்னால், "யார் பாக்கப் போறா?" என்பாள். டாக்டர் மாத்திரை கொடுத்து, அடுப்படியிலும் கிணற்றடியிலும் மட்டும் கவனம், மற்றபடி நாலு இடத்துக்குப் போகட்டும் என்றார். எங்களுக்குத்தான் தைரியம் வரவில்லை. எங்களோடு இருந்த என் நாத்தனார், "யார்கிட்டயும் மூச்சு விடாம ஒரு கல்யாணத்தப் பண்ணிடு, தன்னால நின்னுடும்" என்று நாள் தவறாமல் சொல்வார்.

ஒரு நாள் அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மகள் உள்ளேயிருந்து வந்தாள். "நான் என்ன மாங்கா ஊறுகாயா அத்தே, துணி கட்டி மூடி வைக்கிறதுக்கு?"

பல மாதங்களுக்குப் பிறகு அவள் குரல் உயர்ந்து கேட்டது அன்றுதான். அந்தக் குரலை மறுபடி அடங்கவிடக் கூடாது என்று தோன்றியது. வீட்டில் சண்டை போட்டு அவளை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தேன்.

தாம்பரத்திலேயே வகுப்புகள் இருந்தன. ஆனால் நான் இங்கே ஆசிரியை, எல்லோருக்கும் தெரிந்த முகம். விஷயம் வெளியே தெரியக் கூடாதே என்று மாம்பலத்தில் சேர்த்தோம். ரகசியத்தைக் காப்பாற்ற, அவளை யாருக்குமே தெரியாத இடத்துக்குத் தனியாக அனுப்பினோம். அதிலிருந்த ஆபத்து அப்போது உறைக்கவில்லை. அவள் அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: வெளியில் ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தாலும் அன்றோடு வகுப்பு நின்றுவிடும். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்று நம்புகிற நாத்தனார், அவள் பையில் ஒரு பழைய இரும்புச் சாவியைப் போட்டார். நான், "யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே" என்று சொல்லி அனுப்பினேன்.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டு மழைச்சாரலில் நின்றேன். வந்த ஒவ்வொரு வண்டியிலும் பச்சைத் தாவணியைத் தேடினேன். நாத்தனார் குடையோடு வந்து சேர்ந்தார். "இன்னியோட போதும். இனிமேலாவது வீட்ல வெச்சுக்கோ" என்றார். நான் அடுத்த வண்டி வரும் திசையையே பார்த்து நின்றேன். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

ஏழரை மணி வாக்கில் வந்த வண்டியிலிருந்து மகள் இறங்கினாள். நெற்றி வீங்கியிருந்தது. தாவணியெல்லாம் சேறு. பூக்கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்திருந்தார்.

"இன்னாம்மா, உம் பொண்ணுதானே? கிண்டில வலிப்பு வந்துச்சு. எறக்கி, ஒருக்களிச்சிப் படுக்க வெச்சோம். ஒரு ஆளு சாவிக்கொத்தத் தூக்கினு ஓடியாந்தான். இங்க பூட்டு ஒண்ணும் இல்ல, போய்யான்னு தொரத்திட்டேன்."

"என்ன செய்யணும்னு உங்களுக்கு..."

"இதான் மொத நாளே சொல்லி வெச்சிகீதே. பொட்டி மொத்தத்துக்கும் கிளாஸ் எடுத்துச்சும்மா உம் பொண்ணு. வாயில ஒண்ணும் வெக்காத, கையக் கால அமுக்காத, காத்து வுடு, தெளிஞ்சதும் பேரக் கேளுன்னு. இன்னிக்கு பேரக் கேட்டா எம் பேரச் சொல்லுது. சரி, இன்னும் கொஞ்சம் படுன்னுட்டேன்."

அவர் வீடு குரோம்பேட்டையில். தனியாக அனுப்ப மனம் வராமல் தாம்பரம்வரை வந்திருக்கிறார்.

நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை பேருக்கா தெரிஞ்சுபோச்சு? நான் குடுத்த சாவி எங்கடி?"

"அதை அன்னிக்கே அடையாத்துப் பாலத்துல வீசிட்டேன் அத்தே. தெரியட்டும். தெரிஞ்சதாலதான் திரும்பி வந்து நிக்கறேன்."

குரல் குழறியது. ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது.

அவள் இப்போது டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சையும் தேறிவிட்டாள். பெண் கேட்டு வருகிறவர்களிடமும் வேலை கொடுக்கிறவர்களிடமும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: வலிப்பு வரும், டைப் நன்றாக அடிப்பாள். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். ஆனாலும் அந்த மாலை வண்டியின் சத்தம் கேட்டால் இன்றும் கண் பச்சைத் தாவணியைத் தேடுகிறது. அப்போதெல்லாம், அன்று கடைசியாக வந்து சேர்ந்தவர் சொன்னதைத்தான் பற்றிக்கொள்கிறேன்.

அன்று அவள் அப்பா அடுத்த வண்டியில் வந்தார். மகளின் நெற்றியைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். அவர் பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டறேன். நாளன்னிக்கு இவ வகுப்புக்குப் போவா. உங்க நிபந்தனையை நான் ஏத்துக்கல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஈரக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார்.

"கிளாஸ்ல போய், உடம்பு கொஞ்சம் சரியில்லாத பொண்ணுன்னு மென்னு முழுங்கினேன். வாத்தியார் சாதாரணமா கேக்கறார், 'வலிப்பா சார்? இங்கயே ரெண்டு தடவை வந்துதே. கொஞ்ச நேரம் படுத்திருந்துட்டு, எழுந்து மிச்சப் பக்கத்தை அடிச்சு முடிச்சுட்டுத்தான் போனா'ன்னு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"உன் சீசன் டிக்கெட் என்னிக்கும்மா முடியுது? நானே புதுப்பிச்சுட்டு வரேன்."