சிவப்புப் பொத்தான் இல்லாத செட்டு

என் டேப் ரெக்கார்டரில் ஐந்து பொத்தான்கள் இருக்கின்றன. ஆறாவதாக, பதிவதற்கென்று இருந்த சிவப்புப் பொத்தானின் இடத்தில், உடைந்த பல்லைப் போல ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. பழைய கேசட் செட்டு வைத்திருக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக்கோட்டையில் ஒரு மொட்டை மாடியில் கூடுகிறோம். அங்கே இதைப் பார்த்து உச்சுக் கொட்டாதவர் இல்லை.

அந்த மாடி எனக்குப் பிடிக்கும். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, லாரியிலும் ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியிலுமாகக் காலம் தள்ளியவன் நான். மாடியில் அதை யாரும் கேட்பதில்லை. செல்போனில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறது. விரலுக்குத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை. பொத்தான் டக்கென்று விழும் அந்தக் கனத்துக்காகத்தான் வருகிறோம். டேப்பைச் சுற்றும் ரப்பர் பெல்ட் மாற்றிய செட்டு மறுபடி பாடும்போது, ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜரும் நானும் ஒரே மாதிரி சிரிக்கிறோம்.

இந்தச் செட்டு அக்காவுடையது. மச்சான் சவுதியிலிருந்து முதல் லீவில் கொண்டுவந்தது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் அவள் வாக்கப்பட்ட ஊரில் அது ஒன்றுதான். அவளுக்கு எழுத வராது. மச்சான் பேசிப் பதிந்த கேசட், ஊருக்கு வருகிறவர்கள் பையில் வரும். அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே பதில் பேசி அனுப்புவாள். ஒருவர் பேச்சை அழித்துத்தான் மற்றவர் பேசினார்கள். சிக்கனம் அப்படி, யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

கடைசியாக வந்த கேசட்டுக்குப் பதில் பேசுவதற்குள், மச்சான் அங்கே இறந்துபோன செய்தி வந்தது. தான் கட்டிய வீடு அக்காவுக்குத்தான், யார் கேட்டாலும் விடாதே என்று அதில் சொல்லியிருந்தார். உயில், பத்திரம் என்று எழுத்தில் எதுவும் இல்லை. குடும்பமே உட்கார்ந்து கேட்ட பேச்சு அது. காரியம் முடிந்த மறுநாள் மச்சானின் அண்ணன் வந்து நின்றார்.

"அந்தக் கேசட்டு சும்மாதானே கெடக்கு? செட்டோட இங்கிட்டுக் குடு ஆத்தா. திருவிழாவுக்குக் கும்மிப் பாட்டுப் புடிக்கணும்."

நான் வாசலில் நின்றிருந்தேன். அக்கா செட்டை மடியில் இழுத்து வைத்து, மாமியாரின் பாக்குவெட்டியை எடுத்துச் சிவப்புப் பொத்தானை நறுக்கென்று வெட்டியெடுத்தாள்.

"இந்தாங்க மாமா, இப்பப் புடிங்க."

"பைத்தியமா ஒனக்கு? அருமையான செட்டு!"

"இனிமே அவுக பேசுவாக. நீங்க கேப்பீங்க. அம்புட்டுத்தான்."

வீடு தனக்கு வேண்டும் என்று அண்ணன் கூட்டிய ஊர்க் கூட்டத்தில் அந்தக் கேசட்டை மூன்று முறை ஓட்டினாள். மூன்றாவது முறை யாரும் போடச் சொல்லவில்லை, அவளாகவே ஓட்டினாள். கடைசி மூச்சுவரை அந்த வீட்டில்தான் இருந்தாள். "ஊரு சுத்துற பயலே, ஒனக்கு வீடுதான் இல்ல, இதாவது இருக்கட்டும்" என்று சாவதற்கு முன் அந்தக் கேசட்டோடு செட்டை என்னிடம் தந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஒரு தீப்பெட்டியை நீட்டினார். உள்ளே இதே மாடலின் சிவப்புப் பொத்தான். மாதக்கணக்கில் தேடிப் பிடித்தாராம்.

"இதப் போட்டாச் செட்டு முழுசாயிரும்ங்க."

"முழுசாத்தாங்க இருக்கு."

"பதிய முடியலைன்னா பாதி செட்டுதானேங்க?"

"இதுல அழிக்க முடியாதுங்க. பெல்ட்டு இருந்தாக் குடுங்க, அது தேஞ்சுபோச்சு."

சிரித்துக்கொண்டே பெல்ட் தந்தார். தீப்பெட்டியைத் திரும்பக் கொடுத்துவிட்டு, பெல்ட்டை மாற்றிப் பிளேயை அழுத்தினேன். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முறிந்த முனை எப்போதும்போல விரலைக் கீறியது. கீறட்டும். மச்சான் பேசத் தொடங்கினார்.