ஒருவனுக்கு நான்கு கோப்பி

சென்ற தை மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு சென்று, ஜார்ஜ் டவுனில் நான்கு நாள் தங்கித் திரும்பினேன். அவ்வூருக்குச் செல்ல எண்ணியிருப்போருக்குச் சில விவரங்கள் உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். ஆனால் நான் ஊர் பார்க்கப் போனவன் அல்லன். என் தங்கை மீனாட்சியின் கணவன் சாம்பசிவம் பதினொரு ஆண்டுகளாக அங்கே இருக்கிறான். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.ஏ. படித்தவன்; எனக்கு இருந்த ஒரே நண்பன். அவனை மாப்பிள்ளையாக வீட்டுக்கு அழைத்து வந்தவனும் நானே. முதல் மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் கடிதம் வந்தது. பிறகு ஆண்டுக்கு ஒன்று, அதிலும் ஒரே செய்தி: அடுத்த சித்திரையில் வருகிறேன்.

நான் புறப்படும்போது மீனாட்சி சொன்னாள்: "வருவாரா, மாட்டாரா, அதை மட்டும் கேட்டுண்டு வா அண்ணா. ரெண்டுல எதுவானாலும் சரி. நடுவுல நிக்கறதுதான் என்னால முடியல." பெயர்களை மாற்றி இதை எழுத அவளே சம்மதம் தந்தாள்.

கப்பல் ஏழாம் நாள் காலை ஆறு மணிக்குப் பினாங்கு சேர்ந்தது. மேல்தளத்தில் வந்த கூலி ஜனங்கள் அத்தனை பேரையும் நோய்த் தடுப்பு முகாம் இருக்கும் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாம் வகுப்பில் வந்த என்னை, வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே காற்று. நோய் மட்டும் டிக்கெட்டைப் பார்த்து வரும் போலும். துறையிலிருந்து பினாங்குத் தெரு அரை மைல். ரிக்‌ஷாவுக்குப் பதினைந்து காசு கொடுத்தேன். பத்து போதும் என்று பின்னர் அறிந்தேன். நம்மவர் நடத்தும் விடுதி ஒன்றில் மாடியறைக்கு நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு, சாப்பாடு உட்பட. காப்பி மட்டும் கிடையாது. காலையில் எல்லோரும் சூலியா தெருவில் இருக்கும் சீனர் கடைக்குத்தான் போகிறார்கள்.

சாம்பசிவம் துறைமுகத்தின் அருகே ஒரு கிடங்கில் கணக்கனாக இருந்தான். நான் வரப்போவதை முன்கூட்டி எழுதவில்லை. சனிக்கிழமை மாலை அவனுக்கு ஆள் மூலம் சீட்டு அனுப்பினேன்: "நாளைக் காலை பத்து மணி, சூலியா தெரு முனைக் காப்பிக் கடை." பதில் எழுத அவனுக்கு நேரம் கொடுக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

ஞாயிறன்று ஒன்பதே முக்காலுக்கே போய் உட்கார்ந்தேன். வட்டமான பளிங்கு மேசைகள், வளைந்த மர நாற்காலிகள், சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. தோளில் துண்டு போட்ட சீனர் ஒருவர் வந்து நின்றார். பசும்பால் விட்ட, சர்க்கரையில்லாத காப்பி வேண்டுமென்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு உட்பக்கம் திரும்பிப் பாட்டுப் போல ஏதோ உரக்கக் கூவினார். அவர் கூவியது நான் சொன்னதைவிட மிகவும் குறுகியதாக இருந்ததால் ஐயமுற்று, அதையே தமிழில் திருத்திச் சொன்னேன். மறுபடியும் கூவினார். கப்பலில் கற்ற மலாய்ச் சொற்கள் இரண்டைக் கோர்த்து, பால் தனியே வேண்டும் என்றேன். அதற்கும் ஒரு கூவல். கடைசியில் கைச்சாடையால் எல்லாவற்றையும் விட்டுவிடும்படியும், ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்தால் போதும் என்றும் தெரிவித்தேன். நான்காம் முறையும் கூவிவிட்டுப் போனார்.

ஐந்து நிமிடத்தில் நான்கு கோப்பைகள் வந்தன. ஒன்றில் கரி நிறத்தில் வெறும் கஷாயம். ஒன்றில் டின் பால் அடியில் கெட்டியாகத் தங்கிய தித்திப்பு. ஒன்றில் வெந்நீரில் கரைத்த டின் பால் மட்டும். நான்காவது என்ன பானம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவற்றை என் முன்னே வரிசையாக வைத்ததோடு நில்லாமல், பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து என் மேசையைச் சுற்றி நான்காக்கிவிட்டு, வாசலை நோக்கிக் கைகாட்டி ஏதோ கேட்டார்.

அடுத்த மேசையில் கறுப்புத் தொப்பியும் கைலியுமாக ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் இருந்தார். கோப்பியை, அதாவது அவ்வூர்க் காப்பியை, சாஸரில் ஊற்றி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் புதுசா அண்ணே?" என்றார். "நீங்க நாலு தடவ சொன்னீங்க, அவன் நாலு கோப்பி போட்டுட்டான். இங்க உள்ள கூவிச் சொல்லியாச்சுன்னா திருப்ப முடியாது லா. கவர்னரே வந்தாலும் குடிச்சுத்தான் ஆகணும்."

"அவர் இப்போது என்ன கேட்கிறார்?"

"மத்த மூணு பேரும் எப்ப வருவாங்கன்னு கேக்குறான். ஆறிப்போச்சுன்னா அவனைத் திட்டக் கூடாதாம்."

ஒருவர்தான் வருவார் என்றேன். பெரியவர் அதை மலாயில் சொன்னார். சீனர் நம்பவில்லை, நாற்காலிகள் அப்படியே இருந்தன. நம் ஊர் வழக்கப்படி உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க முயன்று, தடித்த விளிம்புள்ள அந்தக் கோப்பையிலிருந்து பாதியை என் கோட்டின் மேல் ஊற்றிக்கொண்டேன். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக, நண்பர் நண்பராக ஜனங்கள். எதிர்க் கண்ணாடியில் மூன்று காலி நாற்காலிகளுக்கு நடுவே நரைத்த தலையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்காமலிருக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தே முக்காலுக்குச் சாம்பசிவம் வந்தான். சற்றுப் பருத்திருந்தான். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான்.

"எப்படா வந்தே? ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?" என்றவன், குரலைத் தாழ்த்தி, "இங்கே ஒரே சத்தம். வா, வேற எடத்துல போய்ப் பேசலாம்" என்றான்.

"நாலு கோப்பை வாங்கி வெச்சிருக்கேன். உக்காரு."

உட்கார்ந்தான். மீனாட்சியின் கேள்வியை அவள் சொன்ன சொற்களிலேயே கேட்டேன். அவன் கண் கலங்கியது. ரப்பர் விலை விழுந்து கிடங்கில் பாதிச் சம்பளம் என்றான். ஆறு பேரோடு ஒரே அறையில் தனிக்கட்டையாகக் கிடக்கிறேன் என்றான். வெறுங்கையோடு எப்படி அவள் முகத்தில் விழிப்பது என்றான். "இந்தச் சித்திரை தப்பினா ஐப்பசி. அவகிட்டே சொல்லு." எட்டு ஆண்டுகளாக அவன்மேல் நான் வளர்த்து வந்த கோபம் கால் மணி நேரத்தில் இளகத் தொடங்கியது. டிக்கெட் செலவை நானே தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு நண்பனுக்காக ஏங்கியிருப்பவன் எவ்வளவு எளிதில் ஏமாறுவான் என்பதை ஐம்பத்து நான்காம் வயதில் அங்கே அறிந்தேன்.

அப்போது கடைக்காரர் மறுபடி வந்தார். பால் காலியான பழைய டின்களில் கோப்பி நிரப்பி, வாய்ப்புறத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்பது அங்குள்ள வழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அப்படித்தான் தருகிறார்கள். அத்தகைய டின்கள் மூன்றை, யாரும் கேளாமலே, சாம்பசிவத்தின் கையருகே வைத்தார். அவன் முகம் வெளுத்தது. எடுத்துப் போகும்படி மலாயில் கடுகடுவென்று ஏதோ சொன்னான். கடைக்காரர் திகைத்து, திருப்பித் திருப்பி எதையோ கேட்டார்.

காலையிலிருந்து எனக்கு மொழிபெயர்த்து வந்த பெரியவர், இதையும் நான் கேட்பதாக நினைத்து, உதவும் முகத்தோடு இந்தப் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்குத்தான் அண்ணே. அவரு சம்சாரத்துக்கும் ரெண்டு புள்ளைங்களுக்கும். ஞாயித்துக்கிழமை தவறாம வாங்கிட்டுப் போவாரு. இன்னைக்கு ஏன் வேணாங்குறாரு, புள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்லியான்னு கேக்குறான்."

பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். சாஸரைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் என் கோபம் சிறிது நேரத்தில் தணிந்திருக்கும்.

"எத்தனை வருஷமாச்சு?" என்றேன்.

"எட்டு." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மீனாட்சிகிட்டே சொல்லிடாதே. தாங்க மாட்டா."

"நான் சொல்லப் போறதில்லே. நீ எழுதப் போறே."

பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்து வைத்தேன். இரண்டு வரி எழுதினான்: "நான் வரமாட்டேன். இங்கே எனக்குக் குடும்பம் இருக்கிறது." மன்னிப்பு என்று மூன்றாவது வரியைத் தொடங்கினான். தாளை இழுத்துக்கொண்டேன். மன்னிப்பைத் தருவதும் மறுப்பதும் அவள் உரிமை. அதை என் வழியாகக் கேட்க அவனுக்கு இடமில்லை.

எழுந்து போகையில் டின்கள் மூன்றையும் கயிற்றோடு எடுத்துக்கொண்டான். சிந்திவிடாமல், ஆறிவிடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற கவனம் அவன் நடையில் இருந்தது. அந்தக் கவனத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திரும்பும் கப்பலுக்கு இரண்டு நாள் இருந்தது. ஆயர் ஈத்தாம் வரை ஏறக்குறைய ஐந்து மைல் போய், மலை ரயிலில் அரை மணி நேரம் ஏறிப் பார்த்தேன். பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மேலே நல்ல குளிர். கம்பளி கொண்டுபோவது நலம். அழகான இடம் என்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் ஒரு மனிதரோடும் பேசவில்லை. காப்பிக் கடைப் பக்கமும் போகவில்லை.

போகிறவர்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் காப்பியை அங்கே தேட வேண்டாம். பால் வேண்டாதவர் 'கோப்பி ஓ' என்றும், டின் பால் போதுமென்பவர் 'கோப்பி' என்றும் ஒரு முறை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கோப்பி ஒன்று மூன்று காசு. ஆள் தேடிப் போகிறவராயின், அவர் முகத்தையும் கடிதத்தையும் நம்புவதற்கு முன், அவர் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு காலை நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

வீட்டில் மீனாட்சி அந்தத் தாளை நின்றபடியே படித்தாள். "கையெழுத்து மாறவே இல்ல" என்றாள். பத்து நாள் கழித்துப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பத் தாள் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். அதில் 'கணவர் பெயர்' என்று அச்சிட்டு, எதிரே கோடு போட்டிருந்தது. என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அவளே 'கணவர்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, அதன் மேலே சிறிய எழுத்தில் 'தமையன்' என்று எழுதி, எதிரே என் பெயரை எழுதினாள்.